ஏட்டு கொண்டுபோன தங்கம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அரசு ஊழியரின் தவறுக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்பது எங்கள் கட்சி. எதிரணி நண்பர் கேட்டார்: "ஒரு ஏட்டு திருடினால் மக்கள் வரிப்பணம் ஏன் போக வேண்டும்?" சரி, உண்மையிலேயே ஒரு ஏட்டு திருடிய கதையைச் சொல்கிறேன்.

1947 செப்டம்பர். அமிர்தசரஸிலிருந்து வந்த தங்க வியாபாரி ஒருவரை, திருட்டு நகையோ என்ற சந்தேகத்தில் மீரட் போலீஸ் பிடித்தது. அவரிடமிருந்த 103 தோலாவுக்கு (ஏறத்தாழ 1.2 கிலோ) மேற்பட்ட தங்கத்தையும் வெள்ளியையும் பறிமுதல் செய்தது. பிறகு அவரை விட்டுவிட்டார்கள். வெள்ளி திரும்பி வந்தது, தங்கம் வரவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஏட்டே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். இது ஒரு ஆளின் திருட்டு மட்டுமா? விதிப்படி கருவூலத்தில் பூட்டி வைக்க வேண்டிய தங்கத்தை ஸ்டேஷனிலேயே போட்டு வைத்தது யார்?

கஸ்தூரிலால் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வது இதைத்தான். போலீஸ் கவனக்குறைவாக நடந்ததை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் கைதும் பறிமுதலும் இறையாண்மை அதிகாரம், அதாவது அரசு மட்டுமே செலுத்தக்கூடிய அதிகாரம், ஆகவே அரசு பணம் தர வேண்டியதில்லை என்று 1964-இல் தீர்ப்பளித்தது. அதை எழுதிய தலைமை நீதிபதி கஜேந்திரகட்கரே இந்த நிலைமை திருப்தியாக இல்லை, சட்டம் கொண்டு வாருங்கள் என்றார்.

இதற்கு இரண்டு வருடம் முன்புதான், உதய்ப்பூர் கலெக்டரின் ஜீப் மோதி ஒருவர் இறந்த வழக்கில், ராஜஸ்தான் அரசு இழப்பீடு தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஜீப் மோதினால் பணம் உண்டு, போலீஸ் பறித்துத் தொலைத்தால் கிடையாதாம்! ஜீப்பைக் கண்டால் ஒதுங்கலாம் ஐயா. போலீஸ் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா?

"இப்போதுதான் நீதிமன்றங்கள் இழப்பீடு தருகின்றனவே" என்கிறார்கள். உண்மை. விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் 14 ஆண்டு பீகார் சிறையில் கிடந்த ருதுல் சா என்பவருக்கு 1983-இல் தந்தார்கள். 1993-இல் ஒரிசா காவல் மரண வழக்கில் ஒன்றரை லட்சம் தரச் சொன்னார்கள். ஆனால் இவை அடிப்படை உரிமை மீறல் என்று நீதிமன்றம் ஏறி வாங்கியவை. அரசின் பொறுப்பை வரையறுக்க 1967-இல் மக்களவைக்கு வந்த மசோதா சட்டமாகவே ஆகவில்லை. அரசு இழப்பீடு தர வேண்டியதில்லை என்ற இந்த விலக்கை நமக்கு விட்டுப்போன பிரிட்டனோ 1947-லேயே தன் நாட்டில் அதைச் சட்டம் போட்டு நீக்கியது.

வரிப்பணம் என்கிறார்களே, அந்த வியாபாரியும் வரி கட்டியவர்தான் நடுவர் அவர்களே. அரசு முதலில் அவருக்குக் கொடுக்கட்டும். அப்புறம் தவறு செய்த ஊழியரிடம் வசூலிக்கட்டும். ஓடிப்போன ஏட்டைத் தேடுவது அரசின் வேலை, அந்த வியாபாரியுடையது அல்ல.