கணக்கு நோட்டில் என் கூலி

நடுவர் ஐயா அவர்களுக்கும், பொங்கல் விழாக் குழுவினருக்கும், நாளைக்கு அறுப்பு மெஷின் வருமா வராதா என்ற கவலையையும் மடியில் கட்டிக்கொண்டு இந்தத் தைப் பனியில் வந்து உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும் வணக்கம்.

"ஆசிரியை வேலையை விட்டு வயலும் வீடும் என்று வந்த பெண்ணின் படிப்பு வீணே போனதா, விளைந்து வந்ததா?" இதுதான் தலைப்பு. விளைந்தது என்ற அணியில் நிற்கிறேன்.

எதிரணித் தலைவர், "ஆசிரியர் பயிற்சி படித்த பெண் நாற்றங்காலில் நிற்பது, விதைநெல்லைக் குத்திப் பொங்கித் தின்பது மாதிரி" என்றார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். அடுத்து வந்த தங்கை, "சம்பளம் வாங்காத பெண்ணின் சொல் வீட்டில் எடுபடாது" என்றார். மூன்றாவதாகப் பேசியவர், "நாற்பது பிள்ளைகள் ஒரு டீச்சரை இழந்தார்களே, அந்தப் பாவம் யாருக்கு?" என்று கேட்டார்.

யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிற மாதிரி மூன்று பேரும் பேசினீர்கள் ஐயா. அந்தப் பெண் நான்தான்.

திருவையாற்றுப் பக்கம் பிறந்தவள். 2007-ல் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துவிட்டு, பக்கத்து ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுத்த தொகுப்பூதியத்தில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்த நேரம் அது. பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துதான் பாடம். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படிப் படத்தில் தன் இடம் எது என்று பார்த்து, பிள்ளை தானே போய் அட்டையை எடுத்து வரும். 2011-ல் கல்யாணம். மன்னார்குடிக்குத் தெற்கே கடைமடை ஊர், பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர் நிலம், மாமியார், மாமனார், இரண்டு மாடு. 2012 ஜூன் மாதம் மகள் பிறந்தாள். அதுவரை இடைநிலை ஆசிரியர் வேலைக்குப் பதிவு மூப்புதான் வழி. அது போய், ஆசிரியர் தகுதித் தேர்வு வந்து, முதல் தேர்வு அந்த வருஷம் ஜூலை 12-ல் நடந்தது. அன்றைக்கு என் பிள்ளைக்கு 41 நாள். நான் போகவில்லை. ராத்திரி வினாத்தாளை யாரிடமோ வாங்கி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விடை எழுதிப் பார்த்தேன். அந்த வலி எனக்கு உண்டு. அதை இந்த மேடையில் மறைக்க மாட்டேன்.

ஆனால் விதைநெல் என்று சொன்னீர்களே, அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் விதைநெல்லை வைக்கோலால் கட்டிய கோட்டையிலிருந்து எடுத்து ஊறப்போட்டு அப்படியே நாற்றங்காலில் தெளிப்பார்கள். பொக்கு, அரைமணி எல்லாம் சேர்ந்தே போகும். கல்யாணமான மறு வருஷம், பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ கல்லுப்பைக் கரைத்து, ஒரு கோழி முட்டையை அதில் விட்டேன். நல்ல முட்டை அடியில் கிடக்கும். உப்பு ஏற ஏற மேலே வந்து, பழைய 25 காசு அளவுக்குத் தலை காட்டும். அப்போது விதையைக் கொட்டினால் பொக்கு மிதக்கும், கனத்த மணி தங்கும். தங்கியதை இரண்டு மூன்று தண்ணீரில் உப்புப் போக அலச வேண்டும். தெருப் பிள்ளைகள் எல்லாம் முட்டை மிதக்கிறதைப் பார்க்க அண்டாவைச் சுற்றி நின்றார்கள். "ஏன் மிதக்குது, சொல்லுங்க?" என்று கேட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். மிதந்த பொக்கை அள்ளிக் கோழிக்குப் போட்ட என் மாமியார், "இத்தன வருசம் இதையும் சேத்துத்தான வெரைச்சோம்" என்றார்கள். விதைநெல்லைக் குத்தித் தின்ற வீடு இல்லை ஐயா அது.

மாமாவிடம் மட்டும் நான் அவ்வளவு சுலபமாக ஜெயிக்கவில்லை. அவருக்குக் கண்தான் அளவு. பயிர் கொஞ்சம் வெளுத்த மாதிரி பட்டால் யூரியா. பக்கத்து வயல்காரர் போட்டால் நமக்கும் யூரியா. வேளாண் அலுவலர் ஒருவர் இலை வண்ண அட்டை என்று ஒன்று கொடுத்திருந்தார். இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டை பட்டையாக இருக்கும் ஒரு சின்ன அட்டை. அது எங்கள் வீட்டில் காலண்டருக்குப் பின்னால் செருகிக் கிடந்தது. அட்டை வைத்துப் பாடம் எடுத்தவள் கையில் அட்டை கிடைத்தால் சும்மா விடுவேனா? காலை வெயில் ஏறுவதற்குள் வயலில் இறங்கி, என் நிழல் இலைமேல் விழும்படி நின்று, நன்றாக விரிந்த மேல் இலையைக் கிள்ளாமல் அட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து செடி. ஆறோ அதற்கு மேலோ 4-ஆம் எண்ணைவிட வெளுத்திருந்தால்தான் உரம். முதல் வாரம் மூன்றுதான் வெளுத்திருந்தது. "வேண்டாம் மாமா" என்றேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் ஏழு. அன்றைக்குப் போட்டோம். அந்தப் போகத்தில் ஒரு மூட்டை யூரியா மிஞ்சியது. அதைவிடப் பெரிது, தழைச்சத்து மிஞ்சிப்போன வயலைத் தேடி வருகிற இலைச்சுருட்டுப் புழு எங்கள் வயலில் கட்டுக்குள் நின்றது. மறு போகத்தில் அட்டையைக் காலண்டருக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தவர் மாமாதான்.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். தங்கை சொன்னதில் உண்மை இருக்கிறது. எவ்வளவு உண்மை என்பதை என் கணக்கு நோட்டே சொல்லும்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பார்கள். இந்தப் பழமொழியை எனக்குப் பிடிக்காது. கணக்கே பார்க்காமல் இருப்பதற்கு இதைச் சொல்லிச் சொல்லியே டெல்டாவில் பல குடும்பங்கள் கடன்காரர் சொன்ன கணக்கை நம்பின. நான் நீள நோட்டில் கோடு போட்டு எழுதினேன். உழவு, விதை, நாற்றுப் பறிப்பு, நடவு, களை, உரம், மருந்து, அறுப்பு மெஷின், மூட்டை ஏற்றுக் கூலி. எல்லாவற்றுக்கும் ஆள், நாள், ரூபாய். ஒரு சம்பா முடிந்து கூட்டிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்தது, களை எடுத்தது, நடவாட்களுக்குச் சோறு கொண்டுபோனது, களத்தில் நெல் கிளறியது என்று நான் செய்த எதற்கும் அந்த நோட்டில் இடம் இல்லை. கோடு போட்டவளே எனக்கு ஒரு கட்டம் போடவில்லை!

நடுவர் ஐயா, நெல்லுக்கு ஆதரவு விலையைப் பரிந்துரை செய்கிற வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் என்ன செய்கிறது தெரியுமா? விவசாயி கையிலிருந்து போன செலவோடு, குடும்பத்தார் உழைப்புக்கும் ஒரு கூலி மதிப்புப் போட்டுக் கூட்டுகிறது. அந்தத் தொகைக்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு என்றுதான் 2018 முதல் விலை அறிவிக்கிறார்கள். அது போதுமா போதாதா என்பது வேறு வழக்கு. ஆனால் டெல்லியில் போடுகிற கணக்கில் என் உழைப்பு இருக்கிறது. என் வீட்டு நோட்டில் இல்லை. இது எப்படி இருக்கிறது?

அடுத்த போகத்தில் "வீட்டாள்" என்று ஒரு கட்டம் போட்டேன். நான் 61 நாள், அத்தை 38 நாள். நடவாளுக்கு அன்றைக்கு என்ன கூலி கொடுத்தோமோ அதே கூலியை எழுதினேன். வாசித்துக் காட்டினேன். "என்னம்மா இது, வீட்டுப் பொம்பளைக்குக் கூலியா?" என்றார் மாமா. "குடுக்க வேணாம் மாமா, எழுதுனா போதும்" என்றேன். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "முப்பத்தெட்டு இல்லடி, நாப்பத்திரண்டு. கார்த்திகையில நாலு நாள் விட்டுட்ட" என்றார்கள். நாற்பது வருஷம் அந்த வயலில் உழைத்தவர் தன் நாளைக் கணக்குப் போட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இந்தக் கட்டத்தைப் போட ஒரு டீச்சர் வேண்டியிருந்தது. என் படிப்பு எங்கே போனது என்று இனி யாராவது கேட்டால், அந்தக் கட்டத்தைக் காட்டுவேன்.

பிள்ளை வளர்த்ததைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. படித்தவளோ படிக்காதவளோ, எல்லாத் தாயும் உயிரைக் கொடுத்துத்தான் வளர்க்கிறாள். ஒன்று மட்டும் சொல்கிறேன். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத் தினம் பேப்பரில் பார்த்து என் மகள் அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போடுவாள். உச்சியில் 120 அடி. ஜூன் 12-க்கு ஒரு சிவப்புப் புள்ளி. அங்கே திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வர எத்தனை நாள் என்பதுதான் அவள் போட்ட முதல் மனக்கணக்கு.

நாற்பது பிள்ளைகள் டீச்சரை இழந்தார்கள் என்ற கேள்வி என்னைக் குத்தியது. அந்தப் பிள்ளைகளை நான் மறக்கவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய பள்ளிக்கூடத்தை ஒன்று முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தார்கள். இடையில் எங்கள் தெருவில் ஒரு பையன், ஒன்றாம் வகுப்பை முடிக்காமலே மூன்றாம் வகுப்புக்குப் போயிருந்தான். நோட்டு அட்டையில் எழுதியிருந்தது தன் பெயர் என்று அவனுக்குத் தெரியவில்லை. இல்லம் தேடிக் கல்வி வந்தபோது நான் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, சாயங்காலம் எங்கள் திண்ணையில் 18 பிள்ளைகள். கை கால் சேற்றைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவேன். சில நாள் கழுவவும் நேரம் இருக்காது. இந்த ஊரில் ஒரு டீச்சர் மருமகளாக வந்து இருந்ததால்தான் அந்தத் திண்ணை நிறைந்தது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எங்கள் வயலில் நடவு நடுகிற ஓர் அம்மா, அறுபது வயது தாண்டியவர். பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தைக் கொடுத்துச் சைக்கிளிலும் ஏற்றிவிட்ட 1990-களில், அவர் விடிந்தால் நடவு, அடைந்தால் அடுப்பு என்று இருந்தவர். ஒரு மாசிமாதம் மழை நனைத்த நெல்லைக் களத்தில் பரப்பியிருந்தோம். ஈரம் 17 சதவீதத்துக்குள் வந்தால்தான் கொள்முதலில் எடுப்பார்கள். காலால் துழாவிக் கிளறிக் கிளறிக் காயவைப்போம். கஞ்சி குடித்த ஓய்வில், "டீச்சரு, குழுவுல எல்லாரும் கையெழுத்துப் போடுறாளுவ. எம்பேரு எப்புடி இருக்கும், காட்டேன்" என்றார். சிலேட்டு ஏது? பரப்பிய நெல்லிலேயே விரலால் பெரிதாக எழுதினேன். மூன்றே எழுத்து. அவர் என் கோட்டின் மேலேயே விரலை இழுத்தார். நெல் சரிந்து மூடியது. மறுபடி எழுதினார். கிளற நேரம் வந்தது, காலால் அழித்துக்கொண்டே போனார். திரும்பி வந்து வேறு இடத்தில் எழுதினார். பொழுது சாய்வதற்குள் அந்தக் களத்தில் பதினொரு இடத்தில் அவர் பெயர் இருந்தது. விஜயதசமிக்குப் பிள்ளைக்குத் தாம்பாளத்தில் நெல் பரப்பி எழுத வைப்போம். அவருக்கு இருபது மூட்டை நெல். அடுத்த வாரம் வங்கியில் மை டப்பாவை நீட்டியபோது, "பேனா குடுங்க தம்பி" என்று கேட்டு வாங்கினார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். சொல் எடுபடாது என்றாரே தங்கை, அதற்கு மட்டும் முழுப் பதில் சொல்ல வேண்டும். சொல் எடுபடாமல் போவது சம்பளத்தால் மட்டும் இல்லை. சிட்டாவில் பெயர் இல்லை. பயிர்க்கடன் விண்ணப்பத்தை நிரப்புகிறவள் நான், கையெழுத்து இன்னொருவருடையது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன், நிலம் பெயரில் இல்லாவிட்டாலும் உழைக்கிற பெண்ணை விவசாயி என்று ஏற்றுச் சான்று கொடுக்க வேண்டும் என்று மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. இதே கீழத்தஞ்சை மண்ணில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையார் 1981-ல் லாப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத குடும்பங்களுக்கு நிலம் வாங்கிப் பெண்கள் பெயரில் பதிவு செய்து கொடுத்தார். படித்த பெண் வயலுக்கு வந்தது தப்பில்லை தங்கை. வந்த வயலில் அவள் பெயரை எழுதாதது தப்பு. அதற்காகச் சண்டை போடுவதென்றால் நீங்கள் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன்.

போன ஆவணியில் மாமா மூன்று மா நிலத்தை என் பெயருக்கு எழுதிவைக்கப் போனார். நான் கேட்கவில்லை. கணக்கு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார். பத்திர எழுத்தர் அடித்துக் கொடுத்த நகலில் என் பெயருக்குப் பக்கத்தில் இல்லத்தரசி என்று இருந்தது. மாமா சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். "இதை மாத்தி அடிச்சுக் குடுங்க" என்றார்.

"என்னன்னு போடட்டும்?" என்று கேட்டார் எழுத்தர்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"விவசாயம்" என்றேன்.

வணக்கம்.