பாட்டிலைத் திறக்காமலே எண்ணெய்யைப் படிக்கலாம்

மேடையில இருக்கிற தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னாடி அருமையா பேசி முடிச்ச பேராசிரியர் அம்மா அவர்களே, அத்தனை வேலைக்கு நடுவுல வந்திருக்கிற உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஐயா அவர்களே, நுகர்வோர் சங்கத்துப் பெரியவங்களே, கடைசியில நின்னுக்கிட்டே கேக்குற தம்பி தங்கச்சிங்களே, எல்லாருக்கும் வணக்கம். தலைவர் ஐயா பத்து நிமிஷம் குடுத்திருக்காரு, அவர் பேச்சைத் தட்டமாட்டேன்.

மூணு விஷயம் சொல்லணும்னு வந்தேன். சமையல் எண்ணெய்யில கலப்படம் எப்படி நடக்குது, எண்ணெய்யைக் கெடுக்காம அதை எப்படிப் பிடிக்கிறது, சட்டம் என்ன செய்யணும்.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வோம்ல, லேப்ல இதுவரை நடக்கிறது அதுதான். ஒரு பாட்டிலைத் திறந்து, கொஞ்சம் எடுத்து, ரசாயனம் சேத்து, கேஸ் குரோமட்டோகிராஃப்னு, கலந்திருக்கிறதைத் தனித்தனியா பிரிச்சுக் காட்டுற கருவியில விட்டுப் பாப்பாங்க. முடிவு துல்லியமா வரும், அதுல குறை இல்ல. ஆனா பக்கத்து பாட்டில்ல என்ன இருக்கு? 1981-ல ஸ்பெயின்ல, தொழிற்சாலைக்குன்னு அனிலின்ங்கிற ரசாயனம் கலந்த, கடுகு வகையைச் சேந்த ரேப்சீட் எண்ணெய்யைச் சமையல் எண்ணெய்னு வித்து சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டாங்க, நூத்துக்கணக்குல செத்தாங்க. ஒரு சோறு பதம் அங்க போதாதுங்க.

இப்ப ஒரு கதை. 1921, சி.வி.ராமன் இங்கிலாந்து போயிட்டு நார்குண்டாங்கிற கப்பல்ல திரும்பி வர்றாரு. மத்தியதரைக் கடல் அப்படி ஒரு நீலம். வானத்தோட நீலம்தான் கடல்ல தெரியுதுன்னு இங்கிலாந்து விஞ்ஞானி ராலே பிரபுவே சொல்லிட்டாரு, அவ்வளவு பெரிய மனுஷன் சொன்னா யாரு மறுபடி பாப்பா? இவரு பாத்தாரு. கையில நிக்கோல் பட்டகம்னு, பிரதிபலிக்கிற ஒளியைத் தடுக்கக்கூடிய ஒரு சின்ன படிகம், அதைத் திருப்பி, தண்ணி மேல பட்டுத் திரும்புற வான வெளிச்சத்தை மறைச்சுட்டுப் பாத்தா, கடல் அப்பவும் நீலம்தான்! தண்ணியேதான் ஒளியைச் சிதறடிக்குது. கடலை அள்ளல, காய்ச்சல, ஒரு சொட்டு வீணாக்கல, பாத்தாரு அவ்வளவுதான். அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போயி 1928 பிப்ரவரி 28, மூலக்கூறு மேல பட்டுச் சிதறுற ஒளியில கொஞ்சம் நிறம் மாறி வருதுங்கிற ராமன் விளைவு, 1930-ல நோபல்.

அதே விளைவுதான் இன்னைக்கு எண்ணெய்யைப் பரிசோதிக்குது. கண்ணாடி பாட்டிலுக்கு வெளியவே இருந்து லேசர் அடிச்சா, திரும்பி வர்ற ஒளியில மூலக்கூறோட கைரேகை இருக்கும். 1655-ங்கிற அலை எண் பக்கத்துல வர்ற முகடு, கொழுப்பு அமிலத்துல இரட்டைப் பிணைப்பு எவ்வளவுன்னு காட்டும், எண்ணெய்க்கு எண்ணெய் அது மாறும். இதே மாதிரி தொடாம, அகச்சிவப்பு ஒளியில பாக்குற இன்னொரு வகை கருவி கையில பிடிக்கிற சைஸ்லயே வந்துடுச்சு. ஆலிவ் எண்ணெய்யில ஹேசல்நட் எண்ணெய் கலந்தா ரெண்டும் ஏறக்குறைய ஒரே ஜாடை, கருவியே திணறும், அதையும் மறைக்காம சொல்லணும்.

நான் கேக்குறது இதுதான். கருவி மட்டும் இருந்தா போதாது, சுத்தமான எண்ணெய்யோட கைரேகை ஆயிரக்கணக்குல சேத்து வச்சாதான் ஒப்பிட முடியும். வேற வேற மண்ணுல, வேற வேற வருஷத்துல விளைஞ்சதெல்லாம் அதுல இருக்கணும், அங்கயும் ஒரு சோறு பதம் பாத்துட்டு நிறுத்தக் கூடாது. அந்தப் பதிவேடு பூட்டி வைக்கிற சொத்தா இருக்கக் கூடாது, யாரு வேணா எடுத்துப் பாக்குற மாதிரி பொதுவுல இருக்கணும். சட்டத்தைப் பத்திப் பேச நேரமில்ல, தலைவர் ஐயா கடிகாரத்தைப் பாக்குறாரு. வாசல் பக்கம் மனு வச்சிருக்கோம், போறப்ப ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க.