'விசாரிக்கிறோம், பொறுங்கள்'

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் வழக்கறிஞராக இருக்கிறேன். இன்று பேசப்போவது பள்ளி, விடுதி போன்ற இடங்களில் நடக்கும் பாலியல் கொடுமை பற்றி, அதற்கு எங்கே புகார் கொடுப்பது என்பது பற்றி. காதுக்கு இதமான விஷயம் இல்லை. பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ஓர் அம்மா தன் மகளோடு என்னைப் பார்க்க வந்தார். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன்.) பிளாஸ்டிக் பைக்குள் நான்காக மடித்த ஒரு கடிதம். மகள் 16 வயதில் ஒரு தனியார் விடுதியில் தங்கிப் படித்தவள். அங்கே பொறுப்பாளராக இருந்தவர் அவளிடம் தவறாக நடந்துகொண்டதை நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறார்கள். 'உள்விசாரணை நடக்கிறது, வெளியே பேச வேண்டாம்' என்று பதில் வந்திருக்கிறது. தேதியைப் பார்த்தேன். ஏழு வருஷம் ஆகிவிட்டது. விசாரணை இன்னும் முடியவில்லையாம்.

பள்ளியோ, இல்லமோ, கோயிலோ, எந்த நிர்வாகம் விசாரித்தாலும் அது நீதிமன்றம் ஆகாது. அது முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நாட்டில் எந்த பாலாயிலும், அதாவது எந்தப் போலீஸ் நிலையத்திலும், புகார் கொடுக்கலாம்.

அந்தப் புகாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் தமிழில் யோசிக்கிறோம், அங்கே மலாயில் தட்டச்சு செய்கிறார்கள். 'தப்பா நடந்துக்கிட்டார்' என்று நாம் கூச்சத்தோடு சொல்வது, தாளில் என்னவாகும்? ஏதோ ஒழுங்கீனம் என்று பதிவாகிவிடும். எங்கே தொட்டார், எதைக்கொண்டு தொட்டார், எத்தனை முறை, உடையோடா, உடையில்லாமலா என்று வாய் கூசினாலும் உள்ளபடி சொல்லுங்கள். தட்டச்சு செய்ததை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அப்புறம் கையெழுத்து. நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

சம்பவம் நடந்து சில நாள்தான் ஆகிறது என்றால் முதலில் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இதற்கென்றே நெருக்கடி உதவி மையம் அங்கே இருக்கிறது. போலீஸ் புகார் இல்லாமலே சிகிச்சை கிடைக்கும். போட்டிருந்த துணியைத் துவைக்காதீர்கள். எங்கே போவது என்றே தெரியவில்லையா? 15999, அரசாங்கத்தின் தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்.

'சாட்சி யார் இருக்கிறார்கள்?' என்று கேட்டுத்தான் பல வாய்களை அடைக்கிறார்கள். சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017-இல் வந்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை சொல்வதை நீதிமன்றம் நம்பினால், வேறு சாட்சி இல்லாமலே தண்டிக்கலாம் என்கிறது அது. ஆசிரியர், விடுதிக் காப்பாளர், பயிற்சியாளர் போன்ற நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்திருந்தால், வழக்கமான தண்டனைக்கு மேல் இன்னும் 5 ஆண்டு வரை சிறை, குறைந்தது இரண்டு பிரம்படி. தெரிந்திருந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதும் குற்றம்தான், 5,000 வெள்ளி வரை அபராதம். 'வெளியே பேச வேண்டாம்' என்று கடிதம் எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

பெரியவர்களுக்கு, பாலியல் தொல்லை என்றால் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 வெள்ளி வரை இழப்பீடு கொடுக்கச் சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும். பொதுவாக வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. எனக்கு வருமானம் இல்லை, உங்களுக்குச் செலவு இல்லை!

இனி கெடு. குற்ற வழக்குக்குக் கால வரம்பு இல்லை, பத்து வருஷம் கழித்தும் புகார் கொடுக்கலாம். ஆனால் நிறுவனத்தின்மேல் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட பொதுவாக 6 ஆண்டுதான். பாதிக்கப்பட்டவர் அப்போது சிறார் என்றால் 18 வயது நிறைந்ததிலிருந்து எண்ணுவார்கள். அரசாங்க நிறுவனம் என்றால் இன்னும் இறுக்கம்: 36 மாதம்தான். அதனால் அங்கே நடந்தது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் முடியாதவர்களுக்குச் சட்ட உதவி இலாகா இருக்கிறது. பினாங்கில் மகளிர் மாற்றத்துக்கான மையம் நீதிமன்றம்வரை கூடவே வருகிறது.

அந்தப் பெண்ணிடம் பிறந்த தேதி கேட்டேன். 24 நிறைய ஐந்து மாதம் இருந்தது. அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மகள் அந்தக் கடிதத்தை விரித்து, மடிப்பை நீவி, என் பக்கம் நகர்த்தினாள். "இதை நீங்களே வச்சுக்குங்க. இன்னைக்கே பாலாய்க்குப் போகலாமா?"