செவலைக்கு ஒரு எஃப்.ஐ.ஆர்.

வணக்கம் மக்களே. பின்னால் பஸ் ஹாரன் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் எங்கள் தெருமுனை டீக்கடை வாசலில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். காலடியில் படுத்திருக்கிறாளே, இவள்தான் எங்கள் தெருநாய் செவலை. பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்ற மாட்டாள். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி யாரோ வெட்டியது.

மறுநாள் காலையிலேயே நானும் தெருப் பையன்கள் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். அங்கே இருந்தவர், "நாய்க்கெல்லாமா கேஸு? அம்பது ரூபா ஃபைனு, அதுக்கும் கோர்ட்டுல பெர்மிஷன் வாங்கணும்" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், அவர் சொன்னதில் பாதி நிஜம்!

1960-இல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து, அந்த முயற்சியின் பலனாக வந்த சட்டம் அது. அதில் 11-ஆம் பிரிவில் அடிப்பது, பட்டினி போடுவது, வண்டியில் திணித்து ஏற்றுவது எல்லாமே குற்றம். ஆனால் முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். வடசேரி சந்தையில் அந்தக் காசுக்கு ஒரு கிலோ மட்டி வாழைப்பழமாவது கிடைக்குமா? தவிர, அந்தப் பிரிவின் பெரும்பாலான குற்றங்களுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது. தண்டனையைக் கூட்ட 2022-இல் ஒரு திருத்த வரைவு வெளியிட்டார்கள். வரைவோடு நிற்கிறது.

அவர் சொல்லாத இன்னொரு பாதிதான் விஷயம். வெட்டி ஊனமாக்கினாலோ, விஷம் வைத்தாலோ, கொன்றாலோ அது வேறு சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 428, 429 என்று இரண்டு பிரிவு இருந்தன. அதில் மிருகத்துக்கு விலை பார்ப்பார்கள்: ஒன்றில் குறைந்தது 10 ரூபாய், இன்னொன்றில் குறைந்தது 50 ரூபாய் பெற வேண்டும். மாடு என்றால் சரி, தெருநாய்க்கு யார் விலை போடுவது? 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 325-ஆம் பிரிவில் விலைப் பேச்சே கிடையாது. ஐந்து வருடம் வரை சிறை. எஃப்.ஐ.ஆர். போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ஆனால் வெறும் வாய்ப் பேச்சு எடுபடாது மக்களே. செவலையை ஆட்டோவில் போட்டுக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். காயம் கூர்மையான ஆயுதத்தால் ஆனது, நரம்பு அறுந்து கால் பயனற்றுப் போய்விட்டது என்று டாக்டரம்மா சான்றிதழ் எழுதித் தந்தார். அந்தப் 'பயனற்று' என்ற ஒரு சொல்தான் கேஸைத் தூக்கி நிறுத்தியது, ஏனென்றால் மிருகத்தைப் பயனற்றதாக்குவதும் 325-இல் குற்றம். மனுவில் பிரிவு எண்ணை நாங்களே எழுதினோம். முதலில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்தது என்பதற்கான சீட்டு மட்டும் தந்தார்கள். விடாமல் மூன்று தடவை நடந்த பிறகு எஃப்.ஐ.ஆர்.

சாட்சிதான் பெரிய பாடு. இந்தக் கடை கேமராவில் ஆள் தெளிவாக விழுந்திருந்தான். கடைக்கார அண்ணாச்சி அந்தப் பதிவைத் தர மாட்டேன் என்றார். "பிள்ளே, நாளைக்கும் அவன் இங்கதானே டீ குடிக்க வரணும்?" அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாமெல்லாம் வீடியோ போட்டுவிட்டுப் போய்விடுவோம், அவர் தினமும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். கடைசியில் அண்ணாச்சியின் மனைவிதான் ஒருநாள் பேசாமல் பென் டிரைவை நீட்டினார்.

அப்புறம், களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்குப் போகும் மாட்டு லாரிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். நெருக்கி அடைத்திருப்பது தெரிந்தால் வண்டி நம்பர், இடம், நேரம் மூன்றையும் குறித்து 100-க்கு அடியுங்கள். நீங்களே வண்டியை மறிக்கப் போகாதீர்கள். அதில் அடிதடிதான் மிஞ்சும். ஓட்டுகிறவன் கூலிக்காரன், அவனிடம் வீரம் காட்டி என்ன ஆகப்போகிறது?

நம்ம கேஸ் இப்போது கோர்ட்டில் இருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு அண்ணாச்சியே சாட்சி சொல்ல வருகிறாராம், சலூனில் போய் முடிவெட்டிக்கூட வந்துவிட்டார்... ஏய், ஏய், இரு! பொறை பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேட்டுவிட்டது இவளுக்கு. மூன்று காலில் என்ன ஓட்டம் பாருங்கள், கேமராவைத் தட்டிவிட்டுப் போகிறாள்.