குழம்பு கொட்டிய ஊர்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். இந்தத் தடவை எங்கே போகலாம்? பத்தாமா, பிந்தானா, டெசாருவா, லங்காவியா? கடலோரமாக ஒரு தங்கும் விடுதி, பிள்ளைகளுக்கு நீச்சல் குளம், காலையில் விதவிதமான சாப்பாடு. மூன்று நாள் ஓடிவிடும், வீடு திரும்பிவிடுவோம். அதில் எந்தத் தப்பும் இல்லை. உழைத்த உடம்புக்கு ஓய்வு வேண்டும். ஆனால் பல ஆண்டுகளாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் ஒன்று சொல்லி வருகிறேன், இன்று உங்களிடமும் சொல்கிறேன். போகிற ஊரின் பெயருக்கு என்ன பொருள் என்று அங்கே யாரிடமாவது கேளுங்கள். நான் அப்படிக் கேட்கத் தொடங்கியது மலேசியாவின் லங்காவித் தீவில்தான்.

பிள்ளைகள் தொடக்கப்பள்ளியில் படித்த காலம். இரண்டு நாள் செனாங் கடற்கரையில் ஆட்டம் போட்டார்கள். மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து மழை. அறைக்குள் எவ்வளவு நேரம் அடைந்து கிடப்பது? ஒரு வாடகைக் கார் பிடித்துப் பட்டணத்துக்குக் கிளம்பினோம். ஓட்டுநர் வயதான மலாய்க்காரர், நாங்கள் பக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிட்டோம். வழியில் ஊர்ப் பலகையில் 'குவா' என்று எழுதியிருந்தது. என் மகன் அதைப் படித்துவிட்டு, "அம்மா, குவான்னா குழம்புதானே?" என்று கேட்டான். பரோட்டாக் கடையில் மலாய்க்காரர்கள் கேட்டு வாங்குவதைக் காதில் வாங்கியிருக்கிறான். அதேதான், குழம்பு. ஒரு ஊருக்கு யாராவது குழம்பு என்று பெயர் வைப்பார்களா? எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில், பக்சிக்கிடம் கேட்டேன். அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

கதை இதுதான். அந்தத் தீவில் முன்னொரு காலத்தில் இரண்டு பூதங்கள் இருந்தார்கள். ஒருவர் பெயர் மாட் ராயா, இன்னொருவர் மாட் சின்சாங். இருவரும் நல்ல சிநேகிதர்கள். ஒருவர் மகளை இன்னொருவர் மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சாகி, விருந்தும் தயாராகிவிட்டது. அந்த நேரத்தில் மாப்பிள்ளைப் பையன் வேறொரு பெண்ணிடம் வழிந்தது தெரிந்துபோனது. அப்புறம் என்ன, சம்பந்திச் சண்டை! நம் கல்யாண வீடுகளில் பந்தியில் அப்பளம் வரவில்லை என்றாலே குரல் உயரும். இவர்களோ பூதங்கள். பானை, சட்டி, அண்டா எல்லாம் பறந்தன. பானை விழுந்து உடைந்த இடம் பெலாங்கா பெச்சா, 'உடைந்த பானை' என்று பொருள். குழம்பு கொட்டிய இடம் குவா. அது மண்ணுக்குள் ஊறிப்போன இடம் கிசாப். வெந்நீர் கொட்டிய இடம் ஆயர் ஹங்காட், அதற்கு வெந்நீர் என்றே பொருள். இவை எல்லாம் இன்றும் அங்கே இருக்கிற ஊர்கள். ஆயர் ஹங்காட்டில் நிஜமாகவே வெந்நீர் ஊற்று இருக்கிறது, நீங்கள் காலை நனைக்கலாம். விலக்கிவிட வந்தவர் மாட் சாவார். கடைசியில் மூவருமே மலையாகிவிட்டார்கள். சண்டை மறுபடி மூளாமல் இருக்க, சாவார் குன்று இன்றும் நடுவில் நிற்கிறதாம்.

பக்சிக் இதைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு பானைக்கும் கையை வீசிக் காட்டினார். திரும்பி வரும்போது பிள்ளைகள் ஒவ்வொரு பலகையையும் தேடித் தேடிப் படித்தார்கள். மழை விட்டதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நேரம் போனாலும் பரவாயில்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன், அந்த இரண்டு பெரிய மலைகளும் உண்மையிலேயே வேறு வேறு குலம். மாட் சின்சாங் மணற்பாறை, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. மலேசியாவின் மிகப் பழைய பாறைகள் அங்கேதான். கேபிள் காரில் ஏறிப் போவீர்களே, அந்த மலைதான். மாட் ராயாவின் மலை குனோங் ராயா, 881 மீட்டர், தீவிலேயே உயரமானது, அது கருங்கல். பூமிக்கு அடியிலிருந்து பாறைக்குழம்பாகக் கிளம்பி இறுகியது, வயதில் மிகவும் இளையது. பாருங்கள், அங்கேயும் குழம்புதான்! 2007ல் யுனெஸ்கோ லங்காவியைப் புவிப்பூங்காவாக ஏற்றது இந்தப் பாறைகளுக்காகத்தான். நிலவியல் படிக்காத கிராமத்து மக்கள் இரண்டு மலையையும் பார்த்து, இவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள் இல்லை, சம்பந்திகள் என்று சொல்லிவைத்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

சரி, மசூரிக்கு வருவோம். லங்காவி போன எல்லோரும் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அழகான பெண், போருக்குப் போன கணவனுக்காகக் காத்திருந்தவள். வீட்டில் தங்கிய பாடகன் ஒருவனோடு அவளைச் சேர்த்துப் பழி சொன்னார்கள். ஊர்த் தலைவனின் மனைவிக்கு இருந்த பொறாமை என்பார்கள். மரத்தில் கட்டிக் குத்தினார்கள். எந்த ஆயுதமும் ஏறவில்லை. என் குடும்பத்துக் குத்துவாளான கிரிசை எடுத்து வாருங்கள் என்று அவளே சொன்னாள். அதனால் குத்தியபோது வெள்ளை ரத்தம் வந்தது. ஏழு தலைமுறைக்கு இந்தத் தீவு உருப்படாது என்று சாபமிட்டு இறந்தாள்.

சமாதியில் உள்ள எழுத்து 1819 என்று ஆண்டு சொல்கிறது. நம் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் வந்து இறங்கிய அதே ஆண்டு. அடுத்த இரண்டே ஆண்டில், 1821ல், சயாம், அதாவது இன்றைய தாய்லாந்தின் படை, லங்காவியும் அடங்கிய கெடா மீது பாய்ந்தது. எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று லங்காவிக்காரர்கள் தங்கள் நெல்லைத் தாங்களே எரித்தார்கள். அந்த இடம் பாடாங் மாட் சிராட், விமான நிலையம் இருக்கும் அதே பகுதி. மழைக்குப் பின் கரிந்த அரிசி மணிகள் இன்னும் மேலே வரும் என்கிறார்கள். நீங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வருகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் ஒரு ஊரின் சோறு எரிந்தது.

இந்தக் கதையைக் கேட்டதும் நம்மவர்களுக்குக் கண்ணகி நினைவுக்கு வருவாள். எனக்கு நினைவு வந்தது என் பாட்டி ஊரில், கம்மாய்க்கரையில் இருந்த ஒரு நடுகல். பழி சொல்லிக் கொல்லப்பட்ட பெண் என்பார்கள். கொன்ற வீட்டாரின் பிள்ளைகளே தலைமுறை தலைமுறையாக அங்கே பொங்கல் வைக்கிறார்கள். மசூரியின் சமாதியில் நின்றபோது, தப்புச் செய்த ஊர் அதை மறக்க முடியாமல் கதையாகச் சொல்லிக்கொண்டே இருப்பது எங்கும் ஒன்றுதான் என்று தோன்றியது. அந்தச் சமாதியைத் தேடி எடுத்துக் கட்டியவர், பிற்காலத்தில் அங்கே மாவட்ட அதிகாரியாக இருந்த துங்கு அப்துல் ரஹ்மான். பின்னால் மலேசியாவின் முதல் பிரதமரானவர். தீவுக்கு வரியில்லா அந்தஸ்து கிடைத்தது 1987ல். ஏழு தலைமுறை முடிந்துவிட்டது, சாபம் தீர்ந்தது என்று ஊரார் கணக்குச் சொல்வார்கள்.

கர்ப்பிணிப் பெண் படுத்திருப்பதுபோல் மலை தெரியும் டாயாங் புந்திங் ஏரியைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். எதிரே இருப்பவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆனால் கடாரத்தைச் சொல்லாமல் எழுந்திருக்க எனக்கு மனம் வராது. லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் வந்த கடாரம் அந்தக் கெடாதான். படை மட்டும் வரவில்லை. அதற்கு முன்பே, ராஜராஜன் காலத்தில், கடாரத்து அரசர் நம் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரை கட்டினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழர் தானமாகக் கொடுத்தார்கள். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்துக் கோயில் அடித்தளங்களை இன்றும் பார்க்கலாம், மெர்போக் அருகே அருங்காட்சியகமும் இருக்கிறது. விடுமுறையில் ஒரு நாளை அதற்கு ஒதுக்குங்கள். குவாவிலிருந்து குவாலா கெடாவுக்குப் படகு உண்டு. ஏறும்போது வலப்பக்கச் சன்னலோரம் இடம் பிடியுங்கள். வானம் தெளிவாக இருந்தால், கரையை நெருங்கும்போது தூரத்தில் நீலமாக ஒரு மலை தெரியும். அது குனோங் ஜெராய். நாகப்பட்டினத்திலிருந்து வந்த மாலுமிகள் கடலில் கண் வைத்துத் தேடிய மலை அது. பிள்ளைகளை எழுப்பிக் காட்டுங்கள். வணக்கம்.