அச்சாரமும் அட்வான்ஸும்: ஒப்பந்தம் முறிந்தால் பணம் யாருக்கு?

வணக்கம். நீதிமன்றம் முடிந்து வீடு திரும்பிய கையோடு இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். மின்விசிறியின் இரைச்சல் மைக்கில் விழுகிறது என்பதால் அதை நிறுத்தியிருக்கிறேன். இடையிடையே முகத்தைத் துடைத்துக்கொண்டால் பொறுத்தருள வேண்டும்.

என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் ஒரே கேள்வியை இரண்டு பக்கங்களில் நின்று கேட்கிறார்கள். வீட்டை விற்பவர், "அக்ரிமென்டில் எழுதியிருக்கிறது, அவர் கொடுத்த அட்வான்ஸை நான் திருப்பித் தர வேண்டியதில்லைதானே?" என்கிறார். வாங்குபவரோ, "நான் கொடுத்த பணம் அப்படியே போய்விடுமா, ஐயா?" என்கிறார். இருவருமே ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள ஒற்றை வரியைத்தான் காட்டுகிறார்கள். அந்த வரி எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

எளிதாக இருக்கட்டும் என்று ஒரு கற்பனைக் கணக்கை வைத்துக்கொள்வோம். வீட்டின் விலை 50 லட்சம் ரூபாய். அட்வான்ஸ் 8 லட்சம். நான்கு மாதத்திற்குள் மீதியைச் செலுத்திக் கிரயம் செய்துகொள்ள வேண்டும். தவறினால் அட்வான்ஸ் முழுவதும் விற்பவருக்கே சேரும். வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை, தவணை கடந்துவிட்டது. அடுத்த இரண்டு மாதத்தில் விற்பவர் அதே வீட்டை வேறொருவருக்கு 52 லட்சத்திற்கு விற்றுவிட்டார். இப்போது அந்த 8 லட்சம் யாருடையது?

அதற்கு விடை காண்பதற்கு முன், ஒப்பந்தம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் இன்றும் நமக்கு அடிப்படை. அதன் 10-ஆவது பிரிவின்படி, தகுதியுள்ள தரப்பினர், தடையற்ற மனத்தோடு, சட்டத்திற்கு உட்பட்ட மறுபயனுக்காகவும், அதாவது ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் தருவதற்காகவும், சட்டத்திற்கு உட்பட்ட நோக்கத்திற்காகவும் செய்துகொள்ளும் உடன்பாடே ஒப்பந்தம். எழுத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதியன்று. வாய்ச்சொல்லும் ஒப்பந்தமாகலாம், மெய்ப்பிப்பதில்தான் சிக்கல். பதினெட்டு வயது நிறையாதவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903-இல், ஆங்கிலேயர் ஆட்சியில் நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த விஷயம். "கையெழுத்துப் போடாவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன்" என்று மிரட்டி மனைவியிடமும் மகனிடமும் வாங்கிய ஆவணம் வற்புறுத்தலால் பெறப்பட்டது என்று 1917-இலேயே சென்னை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. குடும்பச் சொத்து வழக்குகளில் அந்தத் தீர்ப்பின் தேவை இன்னும் குறையவில்லை என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

இனி முறிவுக்கு வருவோம். ஒருவர் ஒப்பந்தத்தை முறித்தால் சட்டம் அவரைத் தண்டிப்பதில்லை. ஏமாற்றப்பட்டவரின் கோபத்திற்கு அது விலை வைப்பதும் இல்லை. ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் பாதிக்கப்பட்டவர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தால் முடிந்த அளவு அந்த நிலையில் அவரை வைக்க முயல்வதே சட்டத்தின் வேலை. "அவன் எனக்குச் செய்த துரோகத்திற்கு" என்று தொடங்கும் வாக்கியங்களை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதில்லை. "அதனால் எனக்கு நேர்ந்த நட்டம் இவ்வளவு, அதற்கான ரசீது இது" என்று தொடங்கும் வாக்கியத்திற்காகவே பேனாவைத் திறக்கிறேன்.

எந்த நட்டத்திற்கு ஈடு கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதைச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு சொல்கிறது. அதன் வேர் 1854-இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட ஹாட்லி எதிர் பாக்ஸென்டேல் வழக்கில் இருக்கிறது. குளோஸ்டர் நகரில் நீராவியால் ஓடிய ஒரு மாவு ஆலையின் கிராங்க் ஷாஃப்ட் என்னும் சுழல்தண்டு உடைந்துவிட்டது. அதை மாதிரியாக வைத்துப் புதியது செய்வதற்காக, உடைந்த துண்டை கிரீனிச்சுக்குக் கொண்டுசேர்க்கும்படி சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். சரக்கு தாமதமாகச் சேர்ந்தது, ஆலை கூடுதல் நாட்கள் நின்றது, இழந்த லாபத்தைக் கேட்டு உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஆலையில் மாற்று ஷாஃப்ட் இல்லை, இந்தத் துண்டு போய்ச் சேரும்வரை ஆலை ஓடாது என்பது வண்டிக்காரர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று கருதிய நீதிமன்றம், அந்த லாப இழப்பை அவர்கள் தலையில் கட்ட முடியாது என்று தீர்த்தது. வழக்கமான போக்கில் எழும் இழப்பு ஒரு வகை. ஒப்பந்தம் செய்தபோதே இருதரப்பும் அறிந்திருந்த தனிச் சூழ்நிலையால் எழும் இழப்பு இன்னொரு வகை. இவ்விரண்டுக்கும் வெளியே உள்ளது தொலைவான இழப்பு, அதற்கு ஈடு இல்லை.

நமது சட்டத்தை எழுதியவர்கள் இதே ஆலையைச் சற்றே மாற்றி, 73-ஆவது பிரிவுக்கு ஓர் எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஆலைக்காரர், "இந்த இயந்திரம் இல்லாமல் என் ஆலை நின்றிருக்கிறது" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிடுகிறார். இருந்தும் தாமதம் நேர்கிறது, அதனால் அரசாங்கத்தோடு செய்யவிருந்த ஒரு லாபகரமான ஒப்பந்தம் கைநழுவுகிறது. ஆலை ஓடியிருந்தால் கிடைத்திருக்கும் சராசரி லாபம் அவருக்கு உண்டு. அரசாங்க ஒப்பந்தத்தின் லாபம் இல்லை, ஏனென்றால் அதைப் பற்றி அவர் சொல்லவில்லை. சிவகாசியில் காலண்டர் அச்சிடும் பருவத்தில் ஓர் அச்சகத்துக்கு வரவேண்டிய உதிரிபாகம் பத்து நாள் தாமதமானால் இதே கணக்குத்தான். ஆர்டர் கொடுக்கும்போதே, "இது வராவிட்டால் இயந்திரம் நிற்கும், இந்தத் தேதிக்குள் இத்தனை காலண்டர் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வைத்தவருக்கும் அனுப்பாதவருக்கும் இடையே வழக்கில் லட்சக்கணக்கில் வேறுபாடு வரும்.

இன்னொன்றும் உண்டு. முறிவு நேர்ந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு நட்டத்தை வளரவிடக் கூடாது. நட்டத்தைக் குறைக்கக் கைவசம் இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. வேறு கடையில் வாங்கியிருக்கக்கூடிய பொருளை வாங்காமல் மூன்று மாதம் சும்மா இருந்தவருக்கு மூன்று மாத நட்டம் கிடைக்காது. மன உளைச்சலுக்கும் சாதாரண வணிக ஒப்பந்த வழக்கில் ஈடு கிடைப்பதில்லை. நுகர்வோர் ஆணையங்களின் அணுகுமுறை வேறு, அதை இங்கே கலக்க வேண்டாம்.

இனி அந்த 8 லட்சம். "தவறினால் இவ்வளவு தர வேண்டும்" என்று ஒப்பந்தத்திலேயே தொகை குறித்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 74-ஆவது பிரிவு. எழுதப்பட்ட தொகை மேல்வரம்பு மட்டுமே; அதற்கு மிகாமல் நியாயமான ஈட்டை நீதிமன்றம் தீர்மானிக்கும். இதை உச்ச நீதிமன்றம் 1963-இல், டெல்லி பங்களா ஒன்றைப் பற்றிய ஃபதே சந்த் வழக்கில் தெளிவாக்கியது. பங்களாவின் விலை ரூ.1,12,500. அச்சாரமாகக் கொடுத்தது ரூ.1,000, பின்னர் சுவாதீனம் பெற்றபோது கொடுத்தது ரூ.24,000. கிரயம் நடக்கவில்லை. ரூ.25,000 முழுவதும் எனக்கே என்றார் விற்பவர். ரூ.1,000-ஐ வைத்துக்கொள்ளலாம், முறிவால் நட்டம் நேர்ந்ததாகக் காட்டாத நிலையில் ரூ.24,000-ஐப் பறிமுதல் செய்ய உரிமையில்லை என்றது நீதிமன்றம்.

நம் ஊர்ப் பெரியவர்கள் அச்சாரம் என்ற சொல்லை எவ்வளவு கவனமாகப் பயன்படுத்தினார்கள் என்பதை இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதுதான் உணர்ந்தேன். மாட்டுச் சந்தையிலும் நிலப் பேச்சிலும் பேரத்தை உறுதி செய்யக் கொடுக்கும் சிறு தொகைதான் அச்சாரம். பேச்சு மாறினால் அது போகும் என்பது இருவருக்கும் தெரியும். விலையின் ஒரு பகுதியாகக் கொடுக்கும் பெரும் தொகை அச்சாரமாகாது. இன்று இரண்டையும் "அட்வான்ஸ்" என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிவிட்டோம். அந்தக் குழப்பத்தில்தான் பாதி வழக்குகள் பிறக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

ராணுவத்திற்கு உருளைக்கிழங்கும், கோழியும் முட்டையும் மீனும் வழங்க ஒப்புக்கொண்ட மௌலா பக்ஷ் என்பவரின் வைப்புத்தொகை ரூ.18,500-ஐ அரசு பறிமுதல் செய்தபோதும் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மெய்ப்பிக்கக்கூடிய நட்டமாக இருந்தால் மெய்ப்பித்தாக வேண்டும் என்றது. நட்டத்தைக் கணக்கிடுவதே கடினமாக இருக்கும் ஒப்பந்தங்களில், எழுதிய தொகை நேர்மையான முன்மதிப்பீடாக இருந்தால், அதையே தரலாம் என்று 2003-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. 2015-இல் டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் வழக்கு ஒன்று. ரூ.3.12 கோடிக்கு ஏலம் போன மனைக்காகச் செலுத்தப்பட்ட ரூ.78 லட்சத்தை ஆணையம் பறிமுதல் செய்தது. ஆனால் அதே மனையைப் பின்னர் மறு ஏலத்தில் ரூ.11.78 கோடிக்கு விற்றிருந்தது. முறிவால் நட்டம் இல்லாதபோது 74-ஆவது பிரிவின்கீழ் ஈடும் இல்லை என்று கூறி, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

இருந்தாலும் ஓர் எச்சரிக்கை. தொகை நியாயமான அளவில் இருந்து, அது அச்சாரம் என்று தெளிவாக எழுதப்பட்டும் இருந்தால், பறிமுதலை நீதிமன்றங்கள் ஏற்ற வழக்குகளும் உள்ளன. தீர்ப்புகள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை, ஆகவே "கட்டாயம் திரும்பக் கிடைக்கும்" என்று யாருக்கும் நான் உறுதி கொடுப்பதில்லை. "வங்கிக் கடன் கிடைக்கவில்லை, எனவே நிறைவேற்ற இயலாத ஒப்பந்தமாகிவிட்டது" என்ற வாதமும் பெரும்பாலும் எடுபடாது. 56-ஆவது பிரிவு கூறும் இயலாமை கைப்பணத் தட்டுப்பாடு அன்று. கடன் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தால் கதை வேறு.

வாங்குபவருக்குப் பணம் வேண்டாம், வீடுதான் வேண்டும் என்றால் ஏற்றதை ஆற்றக் கோரி, அதாவது ஒப்புக்கொண்டபடி கிரயம் செய்து கொடுக்க உத்தரவிடக் கேட்டு, வழக்குப் போடலாம். இத்தகைய பரிகாரங்களுக்கான 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தை (Specific Relief Act) 2018-இல் திருத்தியதிலிருந்து, இந்தப் பரிகாரம் நீதிபதியின் விருப்புரிமையைச் சார்ந்ததாக இல்லாமல், சட்டம் விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டு வழங்கியாக வேண்டிய ஒன்றாகிவிட்டது. ஆனால் தன் பங்கை நிறைவேற்ற எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை வாதி மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. மதுரையில் ஒரு வீடு. 1978 டிசம்பரில் ரூ.60,000-க்கு ஒப்பந்தம், ரூ.5,000 அட்வான்ஸ், ஆறு மாதத் தவணை. வாங்குபவர் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் இருந்துவிட்டு 1981 ஜூலையில்தான் நோட்டீஸ் விட்டார். அதற்குள் மதுரையில் வீட்டு விலை பல மடங்கு ஏறிவிட்டது. வழக்கு காலவரம்புக்குள் இருந்தபோதிலும், அவ்வளவு காலம் சும்மா இருந்தவருக்கு வீட்டைக் கிரயம் செய்து கொடுக்கச் சொல்வது நியாயமன்று என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. குறித்த தேதியிலிருந்து மூன்று ஆண்டு என்ற காலவரம்பை ஓய்வெடுக்கும் உரிமையாக நினைப்பவர்களுக்கு நான் இந்தத் தீர்ப்பைத்தான் படித்துக் காட்டுவேன்.

இத்தகைய வழக்கில், கிரயம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸையாவது திருப்பித் தர வேண்டும் என்று மாற்றுப் பரிகாரமாக வழக்குரையிலேயே கேட்டுவிடுங்கள். கேட்காத பணத்தை நீதிமன்றம் தானாகத் தராது. பின்னர் திருத்தம் கோரிச் சேர்க்கலாம் என்றாலும், அதை ஏன் தள்ளிப்போட வேண்டும்? மேலும், 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிப் பதியாமல் வைத்திருப்பவர், ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் அதைச் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் பதிவு செய்திருந்தால் அந்த வாதத்திற்கே இடமிருந்திருக்காது.

கட்டட வேலையைப் பாதியில் விட்டுப்போன மேஸ்திரிக்கு எதிராகவும் அதே 2018 திருத்தம் ஒரு வழி தருகிறது. எழுத்தில் முப்பது நாளுக்குக் குறையாத அறிவிப்புக் கொடுத்துவிட்டு, அதன்பின் வேறொருவரை வைத்து வேலையை முடித்து, அதற்கான செலவை முதலாமவரிடம் வசூலிக்கலாம். அந்த அறிவிப்பைக் கொடுக்காமல் வேறு ஆளை வைத்துவிட்டு, பிறகு என்னிடம் வருபவர்களே அதிகம்.

நமது கற்பனை விற்பவரிடம் திரும்புகிறேன். அவர் ஐம்பதுக்குப் பேசிய வீட்டை ஐம்பத்திரண்டுக்கு விற்றிருக்கிறார். நட்டம் எங்கே என்று நீதிபதி கேட்டால், புதிதாக ஆள் தேடிய தரகுச் செலவு, அந்த இரண்டு மாத வட்டி, பத்திரம் எழுதிய கூலி என்று சில ஆயிரங்களைத்தான் காட்ட முடியும். அதையும் கூடுதலாகக் கிடைத்த 2 லட்சம் விழுங்கிவிடும். ஒப்பந்தத்தில் "அச்சாரம் 50,000, விலையின் பகுதியாக முன்பணம் 7,50,000" என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தால், அந்த 50,000-ஐயாவது வைத்துக்கொள்வதற்கு வலுவாக வாதாடியிருப்பேன். "அட்வான்ஸ் 8 லட்சம்" என்று ஒரே வரியாக எழுதிக் கொண்டுவந்தால், வாங்குபவருக்கு எவ்வளவு திருப்பித் தரலாம் என்று பேச உட்காருங்கள் என்றுதான் அவரிடம் சொல்வேன்.