எல்லாரும் மண்டபத்துல இருக்கும்போது வீட்டை யாரு பாத்துக்குறது?

வணக்கம் மக்களே. கல்யாணம்னா பந்தலுக்கு ஒருத்தர், சமையலுக்கு ஒருத்தர்னு பொறுப்பு பிரிச்சுக் குடுப்போம். வீட்டுக்குன்னு யாரையும் சொல்றதில்ல.

கணக்கு போட்டுப் பாருங்க. முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வரவேற்புக்குக் கிளம்புனா, திரும்ப வர்றது மறுநாள் மத்தியானம் மூணு மணி. 23 மணி நேரம் வீடு காலி. வாசல்ல வாழை மரம், சீரியல் லைட்டு. தேதி, மண்டபம், வீட்டு விலாசம் எல்லாத்தையும் பத்திரிகைல நாமளே அச்சடிச்சுக் குடுத்திருக்கோம். பக்கத்து வீட்ல பாத்துக்குவாங்கன்னு இருக்காதீங்க. அவங்களையும் குடும்பத்தோட கூப்பிட்டிருக்கீங்கல்ல? அன்னைக்குத் தெருவே மண்டபத்துலதான் இருக்கும்.

அதனால காவலுக்கு ரெண்டு ரெண்டு பேரா ஆள் போடுங்க. ஒருத்தர் மட்டும்னா, தாலி கட்டுறதப் பாக்கணும்னு பூட்டிட்டு வந்துடுவார், அது அவர் தப்பும் இல்ல. நீங்க கிளம்புறதுல இருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் ரெண்டு பேர், அப்புறம் வரவேற்பு பாத்துட்டு வந்து படுக்குறதுக்கு ரெண்டு பேர். அவங்க விடியக்காலைல முகூர்த்தத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே மாத்து ஆள் வந்து சேரணும். பேரெல்லாம் இப்பவே எழுதி வைங்க. ஆளே கிடைக்கலன்னா உங்க ஏரியா போலீஸ் ஸ்டேஷன்ல தேதியோட எழுதிக் குடுங்க, ரோந்து வரும்போது பாக்கச் சொல்லுங்க.

இப்ப கதவு. கிட்டக்க காட்டுறேன், பாருங்க. பூட்டு நல்ல கனமான பூட்டு. ஆனா அது மாட்டியிருக்குற கொண்டிய பாருங்க, அரை இஞ்ச் ஸ்க்ரூ நாலே நாலு. இந்த இடுக்குல கடப்பாரைய விட்டு நெம்புனா பூட்டுக்கு ஒண்ணும் ஆகாது, கொண்டி ஸ்க்ரூவோட பேந்து வந்துடும். ஆசாரிகிட்ட சொல்லி, கதவுல முழுசா ஓட்டை போட்டு போல்ட் மாட்டுங்க. வெளிப்பக்கம் மொழுக்கைத் தலை, உள்பக்கம் வாஷர், நட்டு. நிலைப் பக்கம் குறைஞ்சது ரெண்டரை இஞ்ச் ஸ்க்ரூ. அடுப்படி பின்கதவுக்கு உள்ளே குறுக்கா ஒரு இரும்புப் பட்டை போடுங்க. முன்வாசல்ல பெரிய பூட்டு, பின்னாடி சின்னத் தாழ்ப்பாள்னு இருக்குற வீடுதான் ஜாஸ்தி.

கேமரா இருக்குன்னு தைரியமா இருக்கவும் முடியாது. மீட்டர் பாக்ஸ் வெளியிலதான இருக்கு? ஃபியூஸைப் பிடுங்குனா வைஃபை ரூட்டர் அணைஞ்சுடும், கேமராவும் போச்சு. ரெண்டையும் இன்வெர்ட்டர் லைன்ல குடுங்க. பதிவாகுற பெட்டிய டிவிக்குக் கீழ வைக்காதீங்க, வந்தவன் அதையும் தூக்கிட்டுப் போயிடுவான்.

பீரோ சாவி பீரோ மேலயோ புடவைக்கு அடியிலயோ இருக்கவே கூடாது.

நகை லாக்கர்ல இருந்தா, ஞாயித்துக்கிழமையும் ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமையும் பேங்க் லீவு. ஞாயிறு முகூர்த்தம்னா, முந்தின நாள் லீவு சனிக்கிழமையா இருந்தா வெள்ளிக்கிழமையே எடுத்தாகணும், திரும்ப வைக்குறது திங்கக்கிழமைதான். அதனால ஞாயித்துக்கிழமை ராத்திரியத்தான் நான் ரொம்ப முக்கியமா சொல்லுவேன். மொய்ப் பணம், நகை எல்லாம் வீட்டுக்குள்ள இருக்கு, எல்லாரும் அசந்து தூங்குறாங்க, காத்துக்காக ஜன்னல் திறந்திருக்கு. பையை ஜன்னல் ஓரமா வைக்காதீங்க.

ஒவ்வொரு நகையையும் ஃபோட்டோ எடுங்க. இப்ப வர்ற ஹால்மார்க் நகைல ஹெச்யூஐடின்னு எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கத்துல, அந்த நகைக்குன்னே தனி அடையாள நம்பர் இருக்கும், அதையும் பில்லையும் சேர்த்து வைங்க.

ஒருவேளை திரும்பி வரும்போது கதவு உடைஞ்சிருந்தா உள்ள போகாதீங்க, ஆள் இன்னும் உள்ள இருக்கலாம். வெளிய நின்னே 112-க்கு அடிங்க. கைரேகை எடுக்குற வரைக்கும் பீரோவத் தொடாதீங்க, சொந்தக்காரங்களையும் தொட விடாதீங்க.